நிற்கும் வண்டி, நிற்கும் தண்ணீர்

உள்ளேயே தங்கிப் பயணம் போகும் கேம்பர் வண்டியில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். அமெரிக்காவில் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் பலருக்கு இது நம்பச் சிரமமான பேச்சு. அவர்கள் போடும் கணக்கு எளிது. மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையோடு பருவம் தொடங்குகிறது. செப்டம்பர் முதல் வாரத்து லேபர் டேயோடு முடிகிறது. நடுவில் சில வார இறுதிகள், ஒரு நீண்ட பயணம். மற்ற மாதமெல்லாம் வண்டி வீட்டுக்குப் பக்கத்திலோ வாடகைக்கு எடுத்த முற்றத்திலோ நிற்கிறது. வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வேலை செய்கிற சாதனத்துக்குப் பராமரிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது என்பது அவர்கள் கேள்வி. இந்த ஹீட்டர்களைத் திறந்து பார்க்கும் வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. ஓடிய நாட்களை எண்ணாதீர்கள், நின்ற நாட்களை எண்ணுங்கள். அப்படி எண்ணத் தொடங்கினால் பராமரிப்பை எந்த நாளில் செய்வது என்பதும் மாறிவிடும். பயணத்துக்குக் கிளம்பும் முன் செய்கிற வேலையாக இதை வைத்திருக்கிறார்கள். பயணம் முடிந்து வந்த கையோடு செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் சாதனத்தைப் பார்த்துவிடலாம். வண்டியின் வெளிச்சுவரில் ஒரு சிறு கதவு இருக்கும். அதைத் திறந்தால் ஹீட்டரின் முகம் தெரியும். உள்ளே படுத்த நிலையில் ஒரு தொட்டி. வழக்கமான கொள்ளளவு 6 கேலன், அதாவது 23 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய வண்டிகளில் 10 கேலன். புரொபேன் கேஸில் எரியும் பர்னர் ஒன்று உண்டு. பல மாடல்களில் 1,440 வாட் மின்சாரக் காயிலும் சேர்ந்து வரும். தொட்டியில் இரண்டு வகை. சபர்பன் போன்ற நிறுவனங்களின் ஹீட்டர்களில் இரும்புத் தொட்டி, உள்ளே கண்ணாடி மாதிரியான போர்சலின் பூச்சு, அந்தப் பூச்சில் விழும் நுண்ணிய விரிசல்களைக் காக்க ஒரு மெக்னீசியம் ராடு. ஆட்வுட் என்ற பெயரில் வந்து பிறகு டொமெட்டிக் நிறுவனத்தின் கைக்குப் போன வகையில் அலுமினியத் தொட்டி. அதற்கு ராடு கிடையாது. நம் ஊர் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் கீசருக்குள்ளும் இதே மெக்னீசியம் ராடு இருக்கிறது. ஆனால் வீட்டு கீசரில் தினமும் காலையில் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வருகிறது. கேம்பரில் செப்டம்பரில் நிரப்பிய தண்ணீர், யாரும் கவனிக்காவிட்டால், மறு வருடம் வரை அப்படியே நிற்கும். நான் சொல்ல வரும் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது.

மெக்னீசியம் ராடு செய்யும் வேலையை 1824இலேயே வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி காட்டிவிட்டார். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தை மூடியிருந்த செம்புத் தகடு கடல்நீரில் அரித்துக்கொண்டே போனது. அதோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாக இணைத்துவிட்டால் அந்தத் துண்டு கரையும், செம்பு தப்பிக்கும் என்பது அவர் கண்டது. தொட்டிக்குள் நடப்பதும் அதேதான்: இரும்பைவிட மெக்னீசியம் எளிதில் தன் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், ஆகவே அரிப்பு அதன் தலையில் விழுகிறது. பலர் கவனிக்காத விஷயம், இதற்கு ஹீட்டர் ஓட வேண்டியதில்லை என்பது. சூடு இருந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். கேஸை மூடி, மின்சாரத்தை நிறுத்தி, வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை ராடு கரைந்துகொண்டேதான் இருக்கும். அது தீர்ந்துபோன நாளிலிருந்து இரும்பின் முறை. புதிய ராடு ஒரு சாண் நீளத்துக்கு, கட்டை விரல் தடிமனில், வழவழப்பாக இருக்கும். கழற்றும்போது அது சொல்லும் சேதி பல விதம். மேலெல்லாம் குழி விழுந்து, வெள்ளைப் பொருக்கு பூத்து, ஆனால் பாதிக்கு மேல் உலோகம் மிச்சமிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். முக்கால் பங்கு போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். நடுவில் ஓடும் இரும்புக் கம்பி மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டு வந்தால், எவ்வளவு காலமாகத் தொட்டி காவலில்லாமல் இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வருடம் கழித்தும் ராடு புதுசு போலவே வந்தாலும் சந்தோஷப்படக் கூடாது. தண்ணீரில் உப்பு மிகக் குறைவாக இருக்கலாம்; அல்லது ராடுக்கும் தொட்டிக்கும் இடையே உலோகத் தொடர்பு அறுந்திருக்கலாம். இரண்டாவது காரணமாக இருந்தால் ராடு சும்மா இருக்கிறது, தொட்டி அரிக்கிறது.

நிற்கும் காலம்தான் கெடுதி என்பதற்கு, ஹீட்டரோடு வரும் கையேடே ஒரு சாட்சி. இரண்டு வாரமோ அதற்கு மேலோ பயன்படுத்தாமல் வைத்திருந்தால் சுடுநீர்க் குழாயில் ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கலாம், ஆகவே முதலில் சுடுநீர்க் குழாயைச் சில நிமிடம் திறந்து விடுங்கள், அப்போது பக்கத்தில் புகை பிடிக்காதீர்கள், தீ வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அதில் இருக்கும். எந்தக் காலக்கெடுவைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்: ஓடிய மணிநேரக் கணக்கு அதில் இல்லை, சும்மா நின்ற வாரக் கணக்குதான் இருக்கிறது. மெக்னீசியம் தண்ணீரோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே போய்விடும், நின்றால் சேரும். அழுகிய முட்டை நாற்றத்தின் மூலமும் இங்கேதான். காற்றில்லாத இடத்தில் வாழும் ஒரு வகை பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அந்த வேலைக்கு அவற்றுக்கு ஹைட்ரஜன் ஒரு தீனி. ராடு அதை ஊட்டிவிடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், மாதக்கணக்கில் அசைவில்லை, தீனி வேறு. நாற்றம் வராவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். சுடுநீர்க் குழாயில் மட்டும் நாற்றம் அடித்து, பச்சைத் தண்ணீரில் அடிக்காவிட்டால் காரணம் ஹீட்டர்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ராடைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் பிளக்கை மாட்டினால் நாற்றம் நின்றுவிடுகிறதே, அதுதானே வழி என்று கேட்பவர்கள் உண்டு. நாற்றம் குறையும், உண்மைதான். டேவியின் கப்பல்களிலும் இதே மாதிரி ஒரு பக்கவிளைவு வந்தது. செம்பு கரைவது நின்றதும் கப்பலடியில் சிப்பிகளும் கடற்பாசியும் அப்பிக்கொண்டன, ஏனென்றால் கரையும் செம்புதான் அவற்றை விரட்டிக்கொண்டிருந்த நஞ்சு. கடற்படை காப்புத் துண்டுகளைக் கழற்றச் சொன்னது. அது சரியான முடிவு, காரணம் அங்கே செம்பு கரைவதே செம்பின் பயன். தொட்டியின் இரும்பு கரைவதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆகவே இங்கே காப்பை நீக்குவது நாற்றத்துக்குப் பதிலாக ஓட்டையை வாங்கிக்கொள்வதாக முடியும். நாற்றத்துக்கு மருந்து வேறு. வீட்டில் இருக்கும் வாசனையில்லாத சாதாரண பிளீச்சை, 15 கேலன் தண்ணீருக்குக் கால் கப் என்ற அளவில், சுமார் 57 லிட்டருக்கு 60 மில்லி, கலந்து ஹீட்டர் உட்பட எல்லாக் குழாய்களிலும் ஓட விட்டு, சில மணிநேரம் ஊற வைத்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அதன் பிறகு தண்ணீரைத் தேங்க விடாமல் இருந்தால் நாற்றம் திரும்ப வருவதற்கு வழி குறைவு.

இன்னொரு யோசனை இப்போது பரவலாக இருக்கிறது: மெக்னீசியத்துக்குப் பதில் மின்சாரத்தில் இயங்கும் டைட்டானியம் ராடு. அது கரையாது, ஹைட்ரஜன் தொல்லை பெரிதாக இல்லை, வருடா வருடம் மாற்ற வேண்டியதில்லை. வருடம் முழுவதும் மின் இணைப்பில் இருக்கும் வண்டிக்கு நல்ல பொருள் என்றே நினைக்கிறேன். ஆனால் குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்தும்போது பேட்டரியைத் துண்டித்துவிடுவது வழக்கம். மின்சாரம் இல்லாத டைட்டானியம் வெறும் குச்சி. தண்ணீரையும் உள்ளேயே விட்டுவிட்டால், காவல் அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் அது காவல் காக்காது. அலுமினியத் தொட்டிக்காரர்கள் தங்களுக்கு ராடே இல்லை, ஆகவே வேலையும் இல்லை என்று நினைப்பதும் பாதி சரி. ராடு பார்க்கும் வேலை இல்லை. தேங்கிய தண்ணீரின் மற்ற எல்லாத் தொல்லையும் அவர்களுக்கும் உண்டு. அந்தத் தொட்டியின் வடிகால் திருகு நைலானில் இருப்பது மலிவுக்காக என்று எண்ணி அந்த இடத்தில் பித்தளைத் திருகைப் போடுகிறார்கள். அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் கரைவது அலுமினிய மரை. பிளாஸ்டிக் திருகு போனால் வேறு வாங்கலாம். மரை போனால் தொட்டியே போயிற்று.

தண்ணீர்ப் பக்கம் மட்டுமல்ல, நெருப்புப் பக்கமும் நிற்கும் காலத்தில்தான் கெடுகிறது. பர்னருக்குப் போகும் குழாயும் புகைபோக்கியும் சிலந்திக்கும் குளவிக்கும் பிடித்த இடம். குறுகலான, காற்றும் மழையும் படாத பொந்து அது. கேஸில் வாடைக்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மம் சிலந்தியை இழுக்கிறது என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் கூடு என்னவோ நிஜம். எரிபொருள் வாடைக்குச் சிலந்தி வரும் என்பது கார்க்காரர்களும் சொல்வதுதான்; 2011இல் மாஸ்டா நிறுவனம், எரிபொருள் ஆவிக் குழாயில் மஞ்சள் பைச் சிலந்தி வலை பின்னியதற்காகவே தன் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. கேம்பரில் மெல்லிய வலை ஒன்று போதும். காற்றும் கேஸும் சரியான விகிதத்தில் கலக்காது. நீல நிறத்தில் சீறி எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக, சோம்பலாக எரியும். வெளிக்கதவின் மேல்பகுதியில் கரி படியும். சில நேரம் பற்றாமல் நின்று தாமதமாகக் குபீரென்று பற்றும். தினமும் எரிகிற பர்னரில் எந்தப் பூச்சியும் குடியிருக்காது. மாதக்கணக்கில் குளிர்ந்து கிடப்பதில்தான் குடியேறும். துப்புரவு எளிது: பர்னர் குழாயைக் கழற்றி உள்ளே நீளப் பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றால் ஊதிவிட்டால் போதும். கேஸ் பீறிடும் சிறு துளையில் மட்டும் ஊசியையோ கம்பியையோ விடக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் சுடரின் கணக்கு கெட்டுவிடும். அந்தத் துண்டை ஆல்கஹாலில் ஊறப் போட்டு உலர விடுவதே சரி.

குளிரில் தண்ணீர் உறைவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அமெரிக்காவின் வட மாநிலங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து அது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் பருமன் கூடுகிறது. தொட்டியின் இணைப்பும் வால்வும் அதைத் தாங்காது. குளிர்காலத்துக்குக் குழாய்களில் ரோஸ் நிற புரொப்பிலீன் கிளைகால் என்ற உறைதடுப்புத் திரவத்தை விடுகிறவர்கள் ஹீட்டரை பைபாஸ் வால்வுகளால் ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியை நிரப்பவே ஆறு கேலன் வீணாகும்.

ஆக, பயணம் முடிந்து வந்த நாளில் செய்ய வேண்டியது இது. கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். பம்பை அணைத்து, வெளித் தண்ணீர் இணைப்பைக் கழற்றி, சுடுநீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அடுத்து, மேலே இருக்கும் பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கிப் பாருங்கள். வெப்பம் 210 டிகிரி ஃபாரன்ஹீட்டையோ அழுத்தம் 150 பிஎஸ்ஐ-யையோ எட்டினால் தானே திறக்க வேண்டிய வால்வு அது. வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் உப்பு படிந்து இறுகிவிடும். இவ்வளவும் ஆன பிறகே ராடில் கை வைக்க வேண்டும். அழுத்தத்தை இறக்காமல் திருகினால் ராடும் சுடுநீரும் சேர்ந்து முகத்துக்கு வரும். சபர்பன் ராடுக்கு 1 1/16 அங்குல, அதாவது 27 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். சாதாரண ஸ்பேனர் வழுக்கி முனையைத் தின்றுவிடும். தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. வடிகால் துளை தொட்டியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த விளிம்புக்குக் கீழே ஒரு குட்டையும், அதில் சுண்ணாம்புச் செதில்களும், ராடிலிருந்து உதிர்ந்த வெள்ளைக் கூழும் எப்போதும் தங்கும். ஹோஸில் மாட்டும் வளைந்த மெல்லிய குழல் ஒன்று கடையில் கிடைக்கும்; அதைத் துளைக்குள் விட்டு, எல்லாத் திசையிலும் திருப்பிப் பீய்ச்ச வேண்டும். முதலில் பால் நிறத்தில் வரும், பிறகு முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது போலச் செதில் வரும், பிறகு கண்ணாடி மாதிரித் தெளியும். தெளிந்த பிறகும் சற்று நேரம் பீய்ச்சுங்கள், மூலையில் இருப்பது கடைசியில்தான் அசையும். ராடைத் திரும்பப் போடும்போது மரையில் டெஃப்ளான் டேப் இரண்டு சுற்று போதும். டேப் உலோகத் தொடர்பை அறுத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். இறுக்கும்போது மரையின் முனை அதை வெட்டிக்கொண்டு தொட்டியைத் தொட்டுவிடும்.

இப்படி வடித்து வைப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்குக் கனமாகத் தோன்றுவது ஒன்றுதான். தொட்டியைக் காலியாக வைத்தால் ஈரமும் காற்றும் சேர்ந்து துருப்பிடிக்காதா, தண்ணீர் இருந்தால் ராடாவது காக்குமே என்கிறார்கள். பாதி நியாயம் இதில் இருக்கிறது. தண்ணீர் இல்லாத தொட்டியில் ராடால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் ஈரம் கொஞ்சம், அது உலர்ந்துவிடும். தேங்கிய தண்ணீரோ மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். எனவே மரையை லேசாகத் துடைத்து, ராடைக் கழற்றியே வைத்து, துளையைப் பூச்சி நுழையாத வலையால் மூடிக் காய விடுவது நல்லது. அடுத்த பயணம் இரண்டு வாரத்துக்குள் இருந்தால் வடிக்க வேண்டாம், நிரம்பியே இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் கட்டாயம் வடிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்துக்கு எது சரி என்பதை உங்கள் ஊர்த் தண்ணீரும் வெயிலும்தான் தீர்மானிக்கும். காலியாக வைப்பதில் வேறொரு ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. மறு வருடம் தொட்டியை நிரப்பாமல் மின்சாரக் காயிலைப் போட்டால் அது உடனே எரிந்துவிடும். வடித்த அன்றே காயிலின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். வடித்து நிரப்புவதில் ஒரு லாபமும் சேர்ந்தே வருகிறது. தொட்டியின் உச்சியில் காற்று கொஞ்சம் இருக்க வேண்டும், சுடும்போது விரியும் தண்ணீருக்கு அதுதான் இடம். நாளடைவில் அந்தக் காற்று கரைந்து போனால் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கும். பலர் வால்வு கெட்டுவிட்டது என்று மாற்றுகிறார்கள். காலி செய்து மீண்டும் நிரப்பியதும் காற்று தன் இடத்துக்கு வந்துவிடும், சொட்டும் நின்றுவிடும்.

வண்டியிலேயே வருடம் முழுக்கக் குடியிருப்பவர்களுக்கு என் வாதம் அப்படியே பொருந்தாது. அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் குளிர்காலம் முழுவதும் முகாமிடுகிறவர்கள், கொலராடோ ஆற்றுத் தண்ணீரையோ பாலைவனக் கிணற்றுத் தண்ணீரையோ தினமும் சுட வைக்கிறவர்கள், இவர்களுக்கு எதிரி சுண்ணாம்பு. தண்ணீர் சூடாகும்போது கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது. அது ஓடும் நேரத்தோடு வளரும் கோளாறு. காயிலின் மேல் தடித்த ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி அதை எரித்துவிடும். இவர்கள் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து தொட்டியில் நிரப்பி, சில மணிநேரம் வைத்து, மேலே சொன்ன குழலால் அலச வேண்டும். வினிகர் விடும் முன் மெக்னீசியம் ராடைக் கழற்றி அந்த இடத்தில் பிளக் மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும் முன் ராடைக் கரைக்கும். கடையில் கிடைக்கிறது என்பதற்காக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பக்கம் போகவே கூடாது, தொட்டி தாங்காது. பிளீச்சையும் வினிகரையும் ஒரே நாளில் கலந்துவிடவும் கூடாது, குளோரின் வாயு வரும். ஒன்றை முழுக்க அலசி வெளியேற்றிய பிறகே மற்றது.

பழைய கேம்பர் வாங்கப் போகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு வேலை கிடைக்கிறது. விற்பனை விளம்பரங்களில் அதிகம் மதிக்கப்படும் வாக்கியம், பத்து வருட வண்டி, ஆனால் பயன்படுத்தியது மிகக் கொஞ்சம் என்பதுதான். எஞ்சினுக்கு அது நல்ல சேதியாக இருக்கலாம். ஹீட்டருக்கு அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக ராடை மாற்றியது எப்போது என்று விற்பவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அவர் முன்னாலேயே வடித்து, ராடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெறும் கம்பி வந்தால், துளை வழியாக டார்ச் அடித்து உட்சுவரைப் பாருங்கள். போர்சலின் பூச்சில் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறதா, அடியில் கிடப்பது வெள்ளைச் செதிலா, செம்பழுப்புத் துருவா என்று கவனியுங்கள். பிறகு ஹீட்டருக்குக் கீழேயும் பின்னாலும் உள்ள பிளைவுட் தரையை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் கசிவு புதிதல்ல. வெள்ளைச் செதில் மட்டும் என்றால் ஒரு ராடும் அரை நாள் துப்புரவும் போதும். துருவும் வந்து தரையும் உள்வாங்கினால் புது ஹீட்டரின் விலையையும் தரை வேலையின் கூலியையும் சேர்த்துக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும்.